பின்வாங்காத சிப்பாய்

என் மைத்துனன் வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில், அரை டிராயரோடு, தளபதி. தன் அண்ணன் செத்துப்போன அதே போரை வீடியோ கேமில் வாராவாரம் ஜெயித்துவிட்டு, அன்றைய ஜெனரல்கள் செய்த தவறுகளை சோபாவில் சாய்ந்தபடி எங்களுக்கு விளக்குவான்.

ஒரே ஒரு சிப்பாய் மட்டும் அவனுக்கு அடங்கவில்லை. பின்வாங்கச் சொல்லி பட்டனை அழுத்தினால் எல்லோரும் திரும்பி ஓடிவருவார்கள். அந்தச் சிப்பாய் மட்டும் முன்னே போய், ஒவ்வொரு முறையும் அதே மேட்டில் விழுவான்.

"கேம்ல கோளாறு மச்சான். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்று எனக்குக் காட்டுவதற்காக மறுபடி அழுத்தினான்.

டீ கொண்டுவந்த என் மாமியார் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உங்கண்ணனுக்கு இடது காது கேக்காதுடா. மறைச்சுத்தான் பட்டாளத்துல சேர்ந்தான். திரும்பி வாங்கன்னு கத்தினது கேட்டிருக்காது."

மாமியார் டீயைக் கீழே வைத்துவிட்டு, திரையின் வலது ஓரத்தில் வாயை வைத்து, "போதும், வந்துடுடா கண்ணு" என்றார்.

மேட்டுக்கு இந்தப் பக்கமே சிப்பாய் நின்றான். வலது காதை எங்கள் பக்கம் திருப்பினான்.

மைத்துனன் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தான். ஜெனரல்களைப் பற்றி இப்போதெல்லாம் வீட்டில் பேச்சில்லை. அந்த டிவியை யாரும் அணைப்பதில்லை. மாமியார் அதன் முன்னால்தான் சாப்பிடுகிறார்.