அரைக்கோளம்

நாட்டின் முதல் விண்வெளிச் சட்டத்தை எழுதியவர் திருமாறன். வானத்திலிருந்து எது விழுந்தாலும், அதை ஏவிய நாட்டிடம் உடனடியாக ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. சட்டம் வந்தபின் முதலில் விழுந்த பொருளைப் பெற்று ஒப்படைக்க அவரே போனார். ஏவிய நாட்டின் ஆட்கள் சாலையில் வண்டியோடு காத்திருந்தார்கள்.

ஒரு கிராமத்தில், பேச்சியம்மாளின் மாட்டுக்கொட்டகை மூலையில் அது கிடந்தது. பாதியாகப் பிளந்த, கருகிய உலோக உருண்டை. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியை வேற இடத்துல வைங்கம்மா."

"இடம் மாத்துனா அடையை விட்டு எந்திரிச்சிரும் சார். அப்புறம் அத்தனையும் கூமுட்டைதான். நானா வச்சேன்? அதுவாப் போய் உக்காந்துக்கிட்டது. உங்க சட்டத்துல கோழிக்கு என்ன போட்டிருக்கு?"

உடனடியாக என்று எழுதிய நாளில், அது எவ்வளவு நேரம் என்று யாரும் திருமாறனைக் கேட்கவில்லை.

சாலையில் ஹாரன் அடித்தார்கள். அவர் மண்டியிட்டு, உலோகத்தின்மேல் காதை வைத்தார். பூமியை எத்தனையோ முறை சுற்றிவந்த அந்தத் தகட்டின் மறுபக்கம், முட்டைக்குள்ளிருந்து யாரோ மெல்லத் தட்டுவதுபோல் கேட்டது. தலையைத் திருப்பாமலே, சாலைப் பக்கமாகக் கையை உயர்த்தி, சத்தம் போட வேண்டாம் என்று சைகை செய்தார்.