கழுத்தளவு

கணுக்கால் நனைந்ததும் குளிரில் கால் இருப்பதே மறந்துபோனது.

அடுத்து முழங்கால்.

இடுப்புதான் கஷ்டம். தண்ணீர் இடுப்பில் ஏறும் அந்த ஒரு கணம், உடம்பு முழுக்க வேண்டாம் என்று சொல்லும். அவள் அதைக் காதில் வாங்குவதில்லை. மூச்சை முழுசாக வெளியே விட்டாள். முழங்காலை மடக்கினாள்.

கழுத்தளவு.

நெஞ்சில் யாரோ ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. மூச்சு எங்கோ போய்விட்டது. துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பதினைந்தில் விரல் நுனிகள் குத்தின.

இருபத்தெட்டில் அது வந்தது. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, தோள், கை, தொடை என்று பரவியது. மிளகாயை அரைத்துப் பூசியதுபோல ஒரு சூடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தினமும் இந்த இடத்தில் வந்துவிடும். ஐம்பத்துநாலு வயதில் காரணமில்லாமல் சிரிக்க அவளுக்கு வேறு இடமும் இல்லை.

கரையில் தங்கமாயன் நின்றிருந்தார். அவள் கணவர். தோளில் துண்டு, கையில் பிளாஸ்க், அக்குளில் அவளுடைய ஸ்வெட்டர். முப்பது வருஷம் மின்கம்பம் ஏறிய மனிதர். புயல் காற்றிலும் ஏறியவர். தண்ணீரில் மட்டும் கால் வைக்க மாட்டார்.

கொடைக்கானலுக்கு மேலே உள்ள இந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக மாற்றலாகி வந்த முதல் வாரமே, பூண்டு வயல்களுக்குப் பின்னால் இருந்த ஏரியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் டூட்டிக்கு முன்னால் அரை மணி நேரம். பாதி ஏரி வரை போவாள், திரும்பிவிடுவாள்.

இன்று வரும் வழியில் சொல்லியிருந்தாள். "இன்னைக்கு அக்கரையத் தொட்டுட்டுத்தான் திரும்புவேன்."

அவர் பிளாஸ்க் மூடியை இன்னொரு தரம் இறுக்கினார்.

கை வீசினாள். தண்ணீர் வழிவிட்டது. வாயில் பைன் சருகின் கசப்பு. மேலாக இருந்த குளிர் வேறு, கால்விரல் தொட்ட குளிர் வேறு. அடியில் இருந்தது இன்னும் முற்றிய குளிர். பாதத்தை வேண்டுமென்றே அதற்குள் இறக்கிப் பார்த்தாள். உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது.

பாதி ஏரி வந்தது. தாண்டிப் போனது.

அப்போது மலைமேலிருந்து மஞ்சு மூட்டமாக இறங்கியது. ஒரே நிமிஷத்தில் கரைகள் இரண்டும் காணாமல் போயின. வெள்ளை. எங்கு பார்த்தாலும் வெள்ளை.

அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. தன் இதயம் அடிப்பது மட்டும் கேட்டது. பெரிதாக, நிதானமாக. உலகத்தில் அது ஒன்றுதான் நடந்துகொண்டிருப்பதுபோல.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியாது. பிறகு புரண்டு, போன திசையிலேயே நீந்தினாள்.

கையில் ஏதோ தட்டியது. வேர்.

அக்கரை.

வேரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாய்விட்டுச் சிரித்தாள். பல் கிட்டியது. அப்போதும் சிரித்தாள். தொட்டுட்டேன் என்று கத்தத் திரும்பினாள்.

மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் துண்டு கிடந்தது. பிளாஸ்க் சாய்ந்து கிடந்தது.

அவர் இல்லை.

கரையோரம் கண்ணை ஓட்டினாள். ஏரிக்குள் ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை. முகவாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

வந்ததைவிடப் பாதி நேரத்தில் திரும்பினாள். குளிர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கை போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

தங்கமாயன் கழுத்தளவுத் தண்ணீரில், சட்டையோடு, வாட்சோடு நின்றுகொண்டிருந்தார். இன்னொரு அடி வைத்திருந்தால் தரை இருந்திருக்காது.

"கூப்பிட்டேன் பவுனு. நாலஞ்சு தரம் கூப்பிட்டேன்."

"காது தண்ணிக்குள்ள இருந்துச்சுங்க."

"தலையக் காணோம். அதான்."

பவுன்தாய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து நெஞ்சளவுக்கு இழுத்து வந்தாள். தன் கால் மண்ணில் பட்டதும் அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக, ஆனால் ஒழுங்காக. உதடு வெளுத்திருந்தது. பேச்சு குழறவில்லை.

திட்ட வேண்டும் என்று நினைத்தாள். நீச்சல் தெரியாத ஆள் என்னத்துக்கு இறங்கினீங்க என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

அவர் தன் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சின்னப் பையனைப்போல் கண்ணை அகல விரித்தார்.

"பவுனு, சுடுது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"முதுகெல்லாம் சுடுது. இப்படித்தான் இருக்குமா தினமும்?"

"இப்படித்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. தண்ணீர் அதிர்ந்தது.

பவுன்தாய் அவருக்குப் பின்னால் போனாள். இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகுக்குக் கீழே கொடுத்தாள்.

"ஒரு நிமிஷந்தான். அப்புறம் கரைக்குப் போயிரணும். காலத் தூக்குங்க."

"விட்டுர மாட்டியே."

"தூக்குங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். தலையின் கனம் மெல்ல அவள் தோளில் வந்து சாய்ந்தது.

வலது பாதம் சேற்றை விட்டுக் கிளம்பியது.

இடது பாதம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.