தோகைக்கு அடியில

காலையில நான் போறப்ப, என் கரும்புக்குள்ள இருந்து சின்னக்கண்ணு வெளிய வரான். கையில ஸ்டேப்ளர்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பக்கத்துக் கொல்லையில அவனும் கரும்புதான் வெச்சிருக்கான், இல்லேங்கல. அதுக்காக என் கரும்புக்குள்ள அவனுக்கு என்ன வேலை?

உள்ள போய்ப் பார்த்தேன். நேத்து சாயந்திரம் தோகை தோகையா நான் பின் அடிச்சு வெச்ச குளவி அட்டையில ஒண்ணு கூடக் காணோம்.

போன வருஷம் தண்டு துளைக்கிற புழு பாதிக் கரும்பைத் தின்னுடுச்சு. மருந்தடிச்சும் கேக்கல. இந்தத் தடவை விவசாய ஆபீஸ் பயிற்சிக்குப் போய் இந்த அட்டையை வாங்கியாந்தேன். இதுல பொரியிற பொடிக் குளவிங்க புழுவை முட்டையிலேயே அழிச்சிடும். சின்னக்கண்ணுவும் பயிற்சிக்கு வந்தான், அட்டை மட்டும் வாங்கல. இந்த வருஷமும் கரும்பு போச்சுன்னா, மூலக்குளத்துக்காரங்க மாதிரி நானும் நிலத்துல கல்லு நட்டு மனை போட்டு விக்க வேண்டியதுதான்.

வில்லியனூர் டீக்கடையில அவனைப் பிடிச்சேன். ஒரு வாரமா அதே பெஞ்சுல உக்காந்து, குளவி விடறது எப்படின்னு ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். அத்தனை பேரும் அன்னிக்கும் இருந்தாங்க.

"வேணும்னா கேட்டு வாங்கியிருக்கலாமேடா. திருடிட்டா போவ?"

சின்னக்கண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தான். மிச்ச டீயைக் குடிச்சுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்னு அவன் காதுல விழற மாதிரியே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல. பயிற்சி குடுத்த பூர்ணிமா மேடத்துக்கு போன் போட்டு, அட்டையெல்லாம் திருட்டுப் போச்சுன்னு புகார் சொன்னேன். அவங்க மறுநாள் நேர்லயே வந்தாங்க.

கரும்புக்குள்ள நுழைஞ்சதும் ஒரு தோகையைப் பிடிச்சுத் திருப்பினாங்க. அடிப்பக்கம் அட்டை. அடுத்த தோகை. அதுலயும் அட்டை.

"எல்லாம் இருக்கே சார். அழகா அடியில அடிச்சிருக்கீங்க. மேல்பக்கம் அடிச்சிருந்தா வெயில்லயே காஞ்சிருக்கும், மிச்சத்தை எறும்பு தின்னிருக்கும்."

நான் அடிச்சது எல்லாமே மேல்பக்கம். ரோட்டுல போறவங்க கண்ணுல படணுமேன்னு.

மேடம் போன பிறகு சின்னக்கண்ணு கொல்லைக்குப் போனேன். அவன் கரும்புல காஞ்ச சோகையை உரிச்சுக்கிட்டிருந்தான். திருடன்னு சொன்ன இந்த வாயை எங்க கொண்டு போய்க் கழுவறதுன்னு தெரியல. அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன், கடையில கேட்டப்பவே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமேன்னு.

அவன் கை வேலையை நிறுத்தல.

"அந்தக் கடையிலதானே அண்ணே நீ எல்லாருக்கும் பாடம் எடுத்த? உனக்கே அடிக்கத் தெரியலன்னு அங்க வெச்சு எப்பிடிச் சொல்றது?"