எலேனாவின் படம்

சனிக்கிழமை ஆனால் கஜேந்திரன் டயகமவிலிருந்து பஸ் ஏறி ஹட்டன் தபால் கந்தோருக்குப் போய்விடுவான். வெளிநாட்டுக்குக் கடிதம் போடத்தான் போகிறான் என்று அவன் மனைவி சுலக்ஷனாவுக்குத் தெரியும். யாருக்கு என்றுதான் தெரியாது.

அன்று துவைக்க எடுத்த அவன் சட்டைப்பையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. பின்புறம் ‘எலேனா’ என்று அவன் கையெழுத்து. சுலக்ஷனா அதைக் கொண்டுபோய் கஜேந்திரன் முன்னால் நீட்டினாள்.

“யாருங்க இவ? எனக்கு ஒரு வரி எழுதியிருப்பீங்களா? இவளுக்கு வாராவாரம் கடுதாசியா?”

“அவங்களுக்கு இல்ல புள்ள, அவங்க நாட்டு மந்திரிக்கு.”

“மந்திரிக்கா?”

“இவங்க, சுரங்கத்து விஷத்த ஆத்துல விடாதீங்கன்னு சனங்களக் கூட்டிப் போராடுனாங்க. புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க. இவங்கள விடச் சொல்லி உலகம் பூரா சனங்க மந்திரிக்கு எழுதுறாங்க. நானும் எழுதுறேன்.”

சுலக்ஷனா படத்தை மறுபடியும் பார்த்தாள். எலேனாவுக்கும் தன் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

“இத்தன நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயில்ல?”

“நீ கோவிச்சுக்குவியோன்னு...”

“கோவந்தான். இனிமே எழுதுற கடுதாசியில மொதக் கையெழுத்து என்னோடது. நீங்க கீழ போடுங்க!”