டாங்கு மூடி

வண்டி மூன்றாவது தடவையும் நின்றது. வரதன் இறங்கிப் பின்பக்கம் போய், பெட்ரோல் டாங்கின் வாயில் அடித்து இறுக்கியிருந்த பால் பவுடர் டப்பா மூடியை நெம்பி எடுத்தான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று.

"காத்து போவ வழியில்லாம அடச்சா பெட்ரோல் எப்டி எறங்கும் மச்சான்? ஆணியால ஒரு ஓட்ட போடு" என்றான் மெக்கானிக் சின்னராசு, முன்சீட்டில் காலை நீட்டியபடி.

"நான் இதுல ஓட்ட போட்டா, நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் என் பர்மிட்டுல ஓட்ட போடுவாரு. மொதல்ல பீடிய அணை. டாங்கு தொறந்து கீது."

வரதன் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் பத்து வருஷம் ஜட்கா ஓட்டியவன். மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களெல்லாம் இப்போது மோட்டார்தான் கேட்கிறார்கள். குதிரையை விற்று இந்தப் பழைய மோரிஸை வாங்கிவிட்டான். டாக்சி பர்மிட்தான் பாக்கி. டாங்குக்குச் சரியான மூடி இல்லாமல் பர்மிட் கிடையாது, வியாழக்கிழமைதான் கடைசி என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். இன்று புதன். மெட்ராஸில் விசாரித்ததில், பழைய மாடல், சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள்.

கோவளத்து ஜெயினுலாபுதீன் ஓட்டிய வண்டி அது. அவர் இறந்து, அவர் மனைவி சுல்தான் பீவி துக்கம் காத்த இத்தா நாட்கள் முடிந்ததும், அவள் தம்பி வந்து சாவியைக் கொடுத்தான். மூடி எங்கே என்று கேட்டதற்கு, "தொலஞ்சி போச்சாம்" என்றான்.

"தொலையறதுக்கு அது இன்னா காது தோடா?" சின்னராசுவுக்கு ஆறவில்லை. "பித்தள மூடி மச்சான். பழைய சாமான்காரன்கிட்ட தள்ளியிருப்பா. வித்த வண்டியிலேயே கை வெச்சவ. நறுக்குனு நாலு வார்த்த கேளு."

திருப்போரூரிலிருந்தே வரதன் அந்த நாலு வார்த்தையைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தான்.

கோவளத்தில் பள்ளிவாசலைத் தாண்டி மூன்றாவது வீடு. வண்டி வந்து நிற்பதற்குள் கதவு திறந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. வரதன் இறங்குவதைப் பார்த்ததும் அது மெல்லப் பாதி சாத்திக்கொண்டது.

"நான் வரதன்மா. வண்டி வாங்கினவன்."

"தெரியுதுண்ணே. சத்தம் கேட்டுச்சி" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"மூடி எங்க போச்சி பீவிம்மா? யார்னா வாங்கினு போயிருந்தா பேர சொல்லுங்க, நான் போயி கேட்டுக்கறேன். நாளைக்கு அது இல்லன்னா இது வெறும் தகரம். குதிரயும் வித்துட்டு நிக்கிறேன்."

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் ஒரு பிஸ்கட் டப்பா நீண்டது. மூடியைச் சுற்றி நூல் இறுக்கிக் கட்டியிருந்தது.

வரதன் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஓர் ஆண்பிள்ளைக் கைக்குட்டை. அதற்குள் டாங்கு மூடி.

"தொலையல. நான்தான் தம்பிய பொய் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"இருவது வருஷம், அவரு வூட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பெட்ரோல் வாசனதான் வரும். குளிச்சாலும் போவாது. நாத்தம் தாங்கல, சட்டைய வெளியவே கழட்டுங்கன்னு நான்தான் கத்துவேன். துணியெல்லாம் வெளுத்து தர்மம் பண்ணிட்டாங்க. இதுல மட்டும் இருந்துச்சி."

வரதன் மூடியை மூக்கருகே கொண்டுபோனான். வெறும் பித்தளை.

"இப்ப இல்லண்ணே. தெனமும் தொறந்து தொறந்து பாத்துட்டேன். அப்புறம் வெள்ளிக்கெழம மட்டும்னு வெச்சிகினேன். அப்பவும் நிக்கல. எடுத்துகினு போங்க. டப்பாவயும் எடுத்துகினு போங்க. அது எனக்கு இன்னாத்துக்கு?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை.

"கெடச்சுதா?" என்றான் சின்னராசு வண்டியிலிருந்தே.

"கெடச்சுது."

"நான் சொல்லல? நல்லா கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப கெளம்பு. பொழுது சாயறதுக்குள்ள ஊரு போய் சேரணும்."

வரதன் பின்பக்கம் போய்ப் பால் பவுடர் மூடியை நெம்பிக் கழற்றினான். பெட்ரோல் அளக்கும் குச்சியை எடுத்து டாங்குக்குள் அடிவரை விட்டான். சொட்டச் சொட்ட வந்த குச்சியை அந்தக் கைக்குட்டையில் துடைத்தான். மறுபடி விட்டான். மறுபடி துடைத்தான்.

"இன்னா, பெட்ரோல் போதுமா?"

"இன்னும் ஒரு தபா பாத்துட்றேன்."

கைக்குட்டை முழுக்க நனைந்தது. மடித்து டப்பாவில் வைத்து, அதன் மூடியைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி, நூலைக் கட்டினான். டாங்கு மூடியைப் பொருத்தித் திருகினான்.

பிறகு டப்பாவைக் கொண்டுபோய் வாசற்படியில், வெயில் படாத பக்கமாகப் பார்த்து வைத்தான்.