வெள்ளிக்கிழமை மக்கர்

“ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடுங்க. இல்ல, இதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க!”

சாதிகா கத்தியதில் நியாயம் இருந்தது. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் தினமும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. சின்ன மகள் ஷைமாவுக்கு வியாழக்கிழமை ஆன்லைன் பரீட்சை. பழையதில் அது திறக்கவே மாட்டேன் என்றது.

கணவர் அப்துல் அலீம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “ஓடுறதை எதுக்கு நோண்டணும்?”

“எங்க ஓடுது? ஆன் பண்ணிட்டுப் போனா, கறியே வெந்துரும். வெள்ளிக்கிழமை வந்தா அதுவும் இல்ல.”

அதுவும் உண்மைதான். வாரம் முழுக்க முக்கி முனகி ஓடுகிற கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் திரையே வராமல் படுத்துவிடும். இத்தனைக்கும் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத அலீம், அன்றைக்கு மட்டும் அந்த மேசையை அப்படித் துடைப்பார்.

கம்ப்யூட்டர் படுத்ததும் அலீம் சொல்வது ஒன்றுதான். “சிராஜுக்கு ஒரு போன் போடு.”

சிராஜ் அவருடைய தம்பி. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மூத்த மகள் சுஃபியாவின் கல்யாணப் பத்திரிகையில் சிராஜ் பேர் விட்டுப்போனதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. “இனிமே விருந்து, விசேஷம்னு என்னையக் கூப்பிடாதீங்க. வேலைன்னா மட்டும் கூப்பிடுங்க, வாரேன்” என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போன மனுஷர்.

சொன்னபடி வேலைக்கு வருவார்.

“கரண்டு ஒழுங்கா வருதான்னு அண்ணன்ட்ட கேளுங்க மதினி” என்பார் சிராஜ்.

“வருதுன்னு சொல்லு” என்பார் அலீம், அதே அறையில் உட்கார்ந்துகொண்டு.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிட முடியுமா? சிராஜுக்கும் ஒரு தட்டு வரும். “வேணாம் மதினி, வேணாம்” என்றபடியே மறுபடி தால்ச்சா வாங்கிக்கொள்வார்.

போன வாரம் சாதிகா அவரிடமும் கேட்டுப் பார்த்தாள். “புதுசு போட்டு விட்டுருங்களேன் தம்பி.”

“இந்த மெஷின் தாங்காது மதினி. இருக்கட்டும், அதான் நான் வாரேன்ல.”

சாதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குச் செலவு செய்ய மனசு வரவில்லை. அவருக்கோ தொழிலே தெரியவில்லை. கடை வைத்திருக்கிறாராம், கடை!

புதன்கிழமை அலீம் பார்சல் எடுக்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். அவர் தெருவைத் தாண்டியதும் சாதிகா ஆனையூரிலிருந்து நல்லகாமன் என்ற மெக்கானிக்கை வரவழைத்தாள்.

நல்லகாமன் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

“இதுக்கு முன்னாடி யாருக்கா பாத்தது?”

“ஏன் தம்பி?”

“உள்ள ரெண்டு ரேம் மாட்டணும். வேகமே அதுலதான் இருக்கு. ஒண்ணைக் கழட்டி, பேப்பர்ல சுத்தி, ஓரமா ஒட்டி வச்சிருக்காங்க. பெறகு எப்படி ஓடும்?”

“வேலை தெரியாம செஞ்சிருப்பாரு.”

“தெரியாத ஆளு இம்புட்டுப் பத்திரமா வைக்க மாட்டாருக்கா. எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டுற மாதிரில்ல வச்சிருக்காரு.”

பின்பக்கமாகக் குனிந்தவர் சிரித்துவிட்டார். “திரைக்குப் போற வயரைப் பாருங்க. ஸ்குரூ தேஞ்சே போச்சு. யாரோ அடிக்கடி கழட்டி மாட்டுறாங்க. இது வெளியாளு வேலை இல்லக்கா, வீட்டாளு வேலை.”

சாதிகாவின் பார்வை, மேசை ஓரத்தில் மடித்து வைத்திருந்த துணியின் மேல் போய் நின்றது.

தம்பியைக் கூப்பிட அண்ணனுக்கு ஒரு சாக்கு. வந்தால் உடனே எழுந்து போகாமல் இருக்கத் தம்பிக்கு ஒரு சாக்கு. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியுமோ, தெரியாதோ. சாதிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இந்த ரெண்டு பேரையுமா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று இருந்தது.

நல்லகாமன் ரேமை மாட்டி, வயரை மாற்றி, புது விண்டோஸையும் போட்டார். பட்டனைத் தொட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

“இனிமே கவலையே இல்லக்கா. ரொம்ப நாளைக்கு யாரையும் கூப்பிட வேண்டியதே இருக்காது.”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். சாதிகாவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

வியாழக்கிழமை ஷைமா பரீட்சையை அருமையாக எழுதி முடித்தாள். மறுநாள் காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் படம் பார்க்க உட்கார்ந்தவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அலீம் துணியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். புது வயரில் ஸ்குரூவே இல்லை.

“என்ன அத்தா தேடுறீங்க?” என்றாள் ஷைமா.

“தூசி.”

துணியை மடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லை. அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சாதிகாவால் அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. பானையில் இன்னும் கொஞ்சம் அரிசியைப் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வந்தாள்.

“தம்பி, யாரோ ஒரு ஆளை வச்சுப் புது விண்டோஸ் போட்டேன். போட்டதுலேர்ந்து சுத்தமா ஓடல. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வந்துருங்க.”

அலீம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

“ம்மா, நல்லாத்தானே ஓடுது?” என்றாள் ஷைமா.

சாதிகா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“இப்ப ஓடுதா?”