பதினேழாம் நம்பர் கட்டு

தூரிகையைக் கறுப்புப் பெயின்ட்டில் தோய்த்து, கட்டின் பக்கவாட்டில் இருந்த எண்ணில் அவசர அவசரமாக ஒன்றை நான்காக மாற்றிக்கொண்டிருந்தார் கட்டுக்காரர். 17 பாதி 47 ஆகியிருந்தபோது பின்னால் கதவு திறந்தது.

"நல்லாயிருக்கே வேலை!"

தூரிகை கை நழுவித் தரையில் விழுந்தது. வாசலில் புதுக் காப்பாட்சியர், இடுப்பில் கை வைத்து நின்றாள். இந்த அருங்காட்சியகத்துக்கு அவள் வந்து மூன்று மாதம்தான். ஆனால் வந்த முதல் வாரமே பதிவேட்டைப் புரட்டியவள்.

ஒவ்வொரு கோடையிலும் அருங்காட்சியகம் பொதுமக்களைக் கூட்டிப்போய் டைனோசர் எலும்பு தோண்ட விடும். அகப்பட்ட எலும்பு நொறுங்காமலிருக்க, சாக்குத் துணியைப் பிளாஸ்டர் கரைசலில் முக்கி அதன்மேல் சுற்றுவார்கள், முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுவதுபோல. குழியில் கட்டுவதும் பட்டறையில் பிரிப்பதும் ஒரே ஆள். அதனால் கட்டுக்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

"பதினாறு பிரிச்சாச்சு. பதினெட்டு பிரிச்சாச்சு. முப்பது வரைக்கும் பிரிச்சாச்சு," என்றாள். "பதினேழுக்கு எதிர்ல மட்டும் வருஷா வருஷம் 'ஈரம் காயவில்லை'ன்னு உங்க கையெழுத்து. ஆறு வருஷமா காயாத ஈரமா? உள்ள இருக்கிற டைனோசரே எழுந்து துண்டு கேட்டிருக்கும்!"

கட்டுக்காரர் சிரிக்கவில்லை. கறை படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு இதுக்குப் பதிலா முப்பத்தொண்ணைப் பிரிக்கலாமே, மேடம். நல்ல தொடை எலும்பு. ஜனங்க பார்க்க எடுப்பா இருக்கும். இதுல இருக்கிறது வெறும் வால் துண்டு."

"பிரிக்காமலே உள்ள இருக்கிறது தெரியுதா?"

"கட்டினவன் நான்தானே."

அவள் நம்பவில்லை. எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் கட்டைப் பிரித்தபோது எலும்புக்குப் பதில் செங்கல் இருந்த கதை அவள் காதுக்கும் வந்திருந்தது. நல்ல எலும்பைத் திருட்டு விலைக்கு வாங்க வெளியே ஆயிரம் கைகள் காத்திருக்கின்றன.

மணி பத்தை நெருங்கியது. பட்டறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கூட்டம் சேரத் தொடங்கியது. இந்த வருஷம் வெயிலில் தோண்டிய நாற்பது பேரும், ஒரு கட்டு பிரிவதைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் மூக்குகள் கண்ணாடியில் சப்பையாக ஒட்டியிருந்தன.

"பதினேழைத் தூக்கி மேஜையில வைங்க."

அவர் தூக்கினார். பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக இறக்கி வைத்தார். கட்டின் மேல்பக்கம் ஒரு பழைய பருத்தித் துணி, நாலு மூலையும் நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"தூசி படாம இருக்க..."

"தலையிலிருந்து கால் வரைக்கும் தூசியில குளிக்கிற பட்டறையில, இந்த ஒரு கட்டுக்கு மட்டும் போர்வையா?"

"அடிப்பக்கமா அறுத்துக்கலாம், மேடம். நானே அறுக்கிறேன்."

"அடியில பலகை வெச்சுக் கட்டியிருக்கீங்க. அரை நாள் பிடிக்கும். அதுவரைக்கும் இந்த ஜனங்க வேடிக்கை பார்க்கறதா?"

"அரை நாளானாலும் பரவாயில்ல, மேடம்."

இனிப் பேச்சில்லை. அவளே மின்ரம்பத்தை எடுத்தாள். அதற்குள் கட்டுக்காரர் தன் உள்ளங்கையைத் துணியின்மேல் அகல விரித்து வைத்துவிட்டார்.

"கையை எடுங்க."

எடுக்கவில்லை.

"கட்டுக்காரரே, வெளியில நாற்பது குடும்பம் பார்த்துக்கிட்டிருக்கு. உங்க மானத்தை நீங்களே வாங்கிக்காதீங்க."

கை மெல்ல விலகியது. அவள் நூலை அறுத்து, துணியை விசுக்கென்று உருவினாள். துணிக்கு அடியில் ஓட்டை இருக்கும், திறந்து மூடிய தடம் இருக்கும் என்று குனிந்தாள்.

ஓட்டை இல்லை. விரிசல்கூட இல்லை. வெள்ளைப் பிளாஸ்டரின் நட்டநடுவே ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் அகல விரித்து, ஈரத்தில் ஆழ அழுத்திய கை.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேவிட்டாள்.

"பத்து வயசுக்குக் கீழ யாரும் குழிக்குள்ள இறங்கக் கூடாதுன்னு விதி. இந்த வாண்டை யார் உள்ள விட்டது?"

"நான்தான், மேடம்."

"இதுக்கா ஆறு வருஷம் மூடி மறைச்சீங்க? நம்பரைக்கூடத் திருத்தற அளவுக்கு? வேலை போயிடும்னு பயந்துட்டீங்களாக்கும்." அவள் குரல் இளகியது. "அட, போங்க. நான் மேலிடத்துக்கு ஒரு வரி எழுத மாட்டேன். இப்ப இதுமேலேயே அறுத்துப் போட்டுட்டா, நாளைக்குத் தடயமே இருக்காது. சரிதானே?"

நல்லது செய்கிற சந்தோஷத்தோடு விசையைத் தட்டினாள். ரம்பம் உறுமியது. கண்ணாடிக்கு அப்பால் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அந்த வாண்டே இப்ப வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஆறு வருஷத்துல கை என் கையளவு வளர்ந்திருக்கும்!"

கட்டுக்காரர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. அவள் ரம்பத்தை நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?"

அவர் குனிந்து, கட்டைவிரல் பள்ளத்தில் படிந்திருந்த தூசியை ஊதினார்.

"என் பொண்ணு கை அதுக்கு மேல வளரல, மேடம்."